தைக்கும் முன் கழுவ வேண்டுமா?

புதுத் துணியைக் கழுவிவிட்டுத் தைப்பதா, தைத்துவிட்டுக் கழுவுவதா? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. "கழுவாத துணியில ஊசி வைக்காத மகள்" என்பது உம்மாவின் பதில். பக்கத்து வீட்டில் மெசின் வைத்துத் தைத்துக் கொடுக்கும் சாச்சியின் பதில் வேறு. "கழுவினா துணிட மொறமொறப்புப் போயிரும் புள்ள. பொறகு நேரா வெட்ட ஏலாது" என்பார்.

நான் சாச்சியின் சொல்லைக் கேட்டேன். அதனால் என்ன நடந்தது என்பதையும், அதன்பின் கேட்டும் படித்தும் செய்துபார்த்தும் அறிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். மனைப்பொருளியல் செய்முறைக்குத் தைக்கும் தோழிகளுக்கும், வீட்டில் பிள்ளைகளுக்குத் தைக்கும் உம்மாமாருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

மூத்தம்மாவின் வெள்ளைச் சேலை

எங்கள் மூத்தம்மா மருதமுனையில் பிறந்தவர். மூத்தப்பாவின் வயல் காணிக்காக நாவிதன்வெளிக்கு வந்து குடியிருந்தவர். கைத்தறிச் சத்தத்துக்குள் வளர்ந்ததால் துணியைக் கையால் தடவியே தரம் சொல்லிவிடுவார். கடந்த வருடம் நோன்புக்கு முன்னர் அவர் மௌத்தானார். அவருடைய உடுப்புகளை உம்மா தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. தொழும்போது மூத்தம்மா போர்த்திக்கொள்ளும் வெள்ளைப் பருத்திச் சேலை அது. எத்தனையோ வருடம் கழுவிக் கழுவிப் பஞ்சு போல ஆகியிருந்தது.

ராத்தாவுக்கு முதல் குழந்தை கிடைக்கவிருந்தது. மூத்தம்மாவின் சேலையையும் மருதமுனைச் சிவப்புக் கைத்தறித் துணியையும் சேர்த்துப் பிள்ளைக்கு ஒரு துண்டுத்துணிப் போர்வை தைக்க நினைத்தேன். குவில்ட் என்று சொல்வார்களே, அதுதான். மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் மெல்லிய பஞ்சுத் தட்டு, அடியில் ஒரு முழுத்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது. தைத்து முடித்த அளவில் ஒவ்வொரு சதுரமும் 6 அங்குலம். அகலத்துக்கு 5, நீளத்துக்கு 7 என மொத்தம் 35 சதுரங்கள். அவற்றில் 18 வெள்ளை, 17 சிவப்பு. உம்மா சேலையைக் கையில் தரும்போது, "பாத்து வெட்டு" என்று மட்டும் சொன்னார்.

அது டிசம்பர் மாதம். எங்கள் பகுதி மாரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்குப் போய்வருவதே பெரும்பாடு. வீட்டுக்குள் கட்டிய கொடியில் இரண்டு நாளாகியும் உடுப்புக் காயவில்லை. ராத்தாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சாச்சியின் சொல் அப்போது எனக்கு வசதியாக இருந்தது. சிவப்புத் துணியைக் கழுவாமலே வெட்டினேன். ஒன்பது நாளில் போர்வை முடிந்தது. மிக அழகாக இருந்தது.

பிறக்கும் பிள்ளைக்குப் போர்த்துவதற்கு முன் ஒருதரம் கழுவ வேண்டும் என்றார் உம்மா. பேசனில் தண்ணீர் ஊற்றிச் சலவைத்தூள் போட்டு ஊறவைத்தேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் சிவந்தது. தூக்கிப் பார்த்தபோது வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தன. யாரோ உப்புப் போடச் சொன்னார்கள். உப்புத் தண்ணீரில் மடித்துப் போட்டு இரவு முழுக்க வைத்தேன். விடிந்தபோது மடிப்பு இருந்த இடங்களில் சிவப்பு இன்னும் கூடியிருந்தது. புதுத் துணி போனால் மறுபடி வாங்கலாம். அந்த வெள்ளையை எந்தக் கடையில் வாங்குவது?

அன்று காலையிலேயே எங்கள் மனைப்பொருளியல் ஆசிரியைக்கு அழைப்பெடுத்தேன். "காயவிடாதே. பெரிய பாத்திரத்தில் நிறையச் சூடான தண்ணீர் எடு. சலவைத்தூள் கரைத்து, மடிக்காமல் தளரப் போடு. தண்ணீர் சிவந்தால் மாற்று" என்றார். ஐந்து முறை மாற்றினேன். பெரும்பாலான சிவப்புப் போய்விட்டது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது.

காய்ந்த பிறகு இன்னொரு குறை தெரிந்தது. சிவப்புச் சதுரங்கள் சுருங்கியிருந்தன. வெள்ளைச் சதுரங்கள் சுருங்கவில்லை. அதனால் ஒவ்வொரு வெள்ளைச் சதுரமும் நடுவில் பொங்கி எழும்பி நின்றது. ஒரே போர்வையில் இரண்டு பாடம்: ஒன்று சாயம், மற்றது சுருக்கம். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

துணி ஏன் சுருங்குகிறது?

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இறுக்கி இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். குறுக்கே ஓடும் ஊடு நூலுக்கு அவ்வளவு இழுவை இல்லை. நெய்து முடித்துச் சுருட்டி வைத்த பின்னும் அந்த இழுவை துணிக்குள்ளேயே இருக்கும். துணி நனையும்போது பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துப் பருக்கிறது. பருத்த நூலைச் சுற்றி வளைந்து போக மற்ற நூலுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளம் துணியின் அளவிலிருந்துதான் போகிறது. கூடவே, தறியில் இழுபட்ட நூலும் தளர்ந்து தன் பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. இதனால்தான் பெரும்பாலான துணிகள் அகலத்தைவிட நீளத்தில் அதிகம் சுருங்குகின்றன.

சாதாரணப் பருத்தித் துணி முதல் கழுவலில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கலாம். தளர்வாக நெய்தது அதைவிடக் கூடுதலாகவும் சுருங்கும். நூற்றுக்கு 5 என்றால் 6 அங்குலச் சதுரத்தில் குறைவது அரை அங்குலம்கூட இல்லை. ஆனால் 60 அங்குலப் போர்வையில் அது 3 அங்குலம். எல்லாத் துண்டும் ஒரே அளவில் சுருங்கினால் போர்வை சிறியதாகும், அவ்வளவுதான். ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால்தான் எனக்கு நடந்தது நடக்கும். மூத்தம்மாவின் சேலை தன் சுருக்கத்தை எப்போதோ முடித்துவிட்டது. என் சிவப்புத் துணி அதைத் தொடங்கவே இல்லை.

பொலியெஸ்டர் தண்ணீரைக் குடிப்பதில்லை. அதனால் அது கழுவும்போது அநேகமாகச் சுருங்குவதில்லை. பொலியெஸ்டரும் புதுப் பருத்தியும் அடுத்தடுத்து வந்தால் இதே தொல்லைதான். ஆலையில் செய்யும் சில துணிகளை விற்பனைக்கு முன்பே சுருக்கிவிடுவார்கள். அமெரிக்காவில் சான்ஃபோர்ட் குளூவெட் என்பவர் 1930இல் காப்புரிமை பெற்ற முறை இதற்குப் பெயர்பெற்றது. அவர் பெயரால் அதைச் சான்ஃபரைசிங் என்று சொல்கிறார்கள். அப்படிச் செய்த துணி வீட்டில் கழுவும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். கைத்தறித் துணியை வாங்கும்போது அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

சாயம் ஏன் கசிகிறது?

பருத்திக்குப் போடும் சாயங்கள் எல்லாம் ஒரே விதமாகப் பிடிப்பதில்லை. சில சாயங்கள் நூலோடு மெல்லிதாக ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கும். தண்ணீர் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சில சாயங்கள் நூலோடு வேதியியல் பிணைப்பால் சேர்ந்துவிடும். இந்த இரண்டாம் வகையை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ரட்டீ, ஸ்டீபன் என்ற இரு ஆய்வாளர்கள் 1954இல் கண்டுபிடித்தார்கள். 1956இல் அது புரோசியன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இன்று பருத்திக்கு அதிகம் பயன்படும் சாயங்களில் இந்த வகையும் ஒன்று.

நல்ல சாயம் போட்ட துணியும் ஏன் கசிகிறது? சாயத் தொட்டியில் போடும் அளவு முழுவதும் நூலோடு பிணைவதில்லை. பிணையாமல் மிஞ்சியது துணிமேலேயே தங்கியிருக்கும். சாயமிட்ட பிறகு போதிய தண்ணீரில் அலசி அதை எடுத்துவிட வேண்டும். அலசல் குறைந்தால், அந்த வேலை வாங்கியவர் வீட்டுப் பேசனில் நடக்கும். சிவப்பு, கருநீலம், கறுப்பு போன்ற அடர்ந்த நிறங்களுக்கு அதிகச் சாயம் போடுவதால் மிஞ்சுவதும் அதிகம்.

உப்பும் வினாகிரியும் சாயத்தைக் கட்டிவிடும் என்பது நம் வீடுகளில் பரவலாக உள்ள நம்பிக்கை. சாயமிடும் தொட்டியில் உப்புப் போடுவது உண்மைதான். அங்கே அது சாயத்தை நூல் பக்கம் தள்ள உதவுகிறது. வினாகிரி போன்ற அமிலம் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் சில சாயங்களுக்கு உதவும். ஆனால் கடையில் வாங்கிய பருத்தித் துணியில் மிஞ்சிய சாயத்தை இவை இரண்டும் கட்டிவிடாது. என் போர்வையில் உப்பு ஏன் எனக்கு உதவவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. சாயத்தை வெள்ளையின் பக்கம் தள்ள நானே வழி செய்து கொடுத்திருக்கிறேன்!

குறையையே பெருமையாக்கிய கதை

இந்தச் சாயக் கசிவு சென்னைக் கைத்தறிக்கு ஒரு காலத்தில் உலகப் புகழையே தேடிக்கொடுத்தது. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் சென்னைக்கு வந்தார். கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் என்ற ஏற்றுமதியாளரிடம் கட்டம் போட்ட கைத்தறித் துணி வாங்கினார். பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவியவர் இந்த நாயர்தான். குளிர்ந்த நீரில் மெதுவாகக் கழுவ வேண்டும் என்று நாயர் எச்சரித்தாராம். ஜேக்கப்சன் அதை மறந்து, துணியை நியூயோர்க்கின் புகழ்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றுவிட்டாராம். வாங்கியவர்கள் சட்டைகளை வழக்கம் போல மெசினில் போட்டார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. வழக்குப் போடும் அளவுக்குப் பிரச்சினை வளர்ந்தது.

அதிலிருந்து மீண்ட வழிதான் வியப்பானது. "சாயம் கசியும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு கழுவலிலும் புது நிறம் தரும் துணி என்று இளைஞர்கள் தேடி வாங்கினார்கள். சாயம் கசியும் மெட்ராஸ் துணி என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

இந்தக் கதையைப் படித்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். ஒரு சட்டையின் சாயம் அந்தச் சட்டைக்குள்ளேயே கலந்தால் அதை அழகு என்று சொல்லிவிடலாம். போர்வையில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே ஒரு துணியின் சாயம் பக்கத்தில் இருக்கும் வேறொரு துணியில் போய் ஏறுகிறது. அந்தத் துணி யாருடைய ஞாபகமாகவும் இருக்கலாம்.

பழந்துணியில் தைத்தவர்கள்

துண்டுத்துணியையும் பழந்துணியையும் சேர்த்துத் தைக்கும் பழக்கம் நம் பக்கத்து நாடுகளில் மிகப் பழையது. வங்காளப் பெண்கள், முஸ்லிம்களும் இந்துக்களும், பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா தைத்தார்கள். அதற்கான வண்ண நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். கர்நாடகாவின் உத்தர கன்னடப் பகுதியில் ஆபிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் கவாந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். பழைய உடுப்புகளின் துண்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துப்போய், நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைப்பார்கள்.

இவர்களுக்கு "முதலில் கழுவுவதா" என்ற கேள்வியே வந்திருக்காது. அவர்கள் எடுத்த துணி ஏற்கெனவே நூறு தடவை கழுவப்பட்டது. சுருங்க வேண்டியது சுருங்கி, விட வேண்டிய சாயம் விட்டு, மெதுமையாகிவிட்டது. நம் ஊரிலும் பிள்ளைக்கு ஏணை கட்டப் பழைய சேலையைத்தானே தேடுகிறோம்? கடைத் துணி வெட்டித் தைக்கும் நமக்குத்தான் இந்தக் கேள்வி. பழந்துணியையும் புதுத்துணியையும் கலக்கும்போது அது மிகப் பெரிதாகிறது.

கழுவாமலும் தைக்கலாமா?

சாச்சி சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. புதுத் துணியில் கஞ்சியும் மெருகும் இருப்பதால் அது விறைப்பாக நிற்கும். நேராக வெட்டலாம், மூலைகள் பொருந்தும். கழுவினால் ஓரம் பிரியும். சுருக்கம் எடுக்க நீண்ட நேரம் அயன் பண்ண வேண்டும். மேலும் சிலர், தைத்த பிறகு துணி சுருங்குவதால் வரும் நெளிவையே விரும்புகிறார்கள். பழைய போர்வைகளின் அழகு அந்த நெளிவில்தான் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். எல்லாத் துணியும் ஒரே வகைப் பருத்தியாக, புதிதாக, சாயம் விடாததாக இருந்தால் கழுவாமல் தைப்பதில் தவறில்லை. சிறு துண்டுகளாக வெட்டி விற்கும் துணியைக் கழுவவும் கூடாது, நூலாகப் பிரிந்துவிடும்.

ஆனால் இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் கழுவியே ஆக வேண்டும்: அடர்ந்த நிறமும் வெள்ளையும் பக்கத்தில் வருவது, பழையதும் புதியதும் கலப்பது, பருத்தியோடு வேறு இழை சேர்வது, கைக்குழந்தைக்குத் தைப்பது. கடைசியானதற்குக் காரணம், கசங்காமல் இருக்க ஆலைகளில் பூசும் சில பூச்சுகளில் ஃபோர்மல்டிகைட் இருப்பதுதான். அது தோலுக்கு ஒவ்வாமை தரக்கூடியது, கழுவினால் குறையும். என் போர்வையில் இந்த நான்கில் மூன்று இருந்தன.

செய்யும் முறை

முதலில் சாயச் சோதனை. துணியின் ஓரத்தில் 2 அங்குலத் துண்டொன்று வெட்டுங்கள். ஒரு கிளாஸ் சூடான தண்ணீரில் கொஞ்சம் சலவைத்தூள் கரைத்து, அதில் அந்தத் துண்டையும் ஒரு வெள்ளைத் துணித் துண்டையும் சேர்த்துப் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் சற்று நிறம் மாறினால் பயப்பட வேண்டாம். வெள்ளைத் துண்டில் நிறம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் முழுத் துணியையும் தனியாகக் கழுவி மறுபடி சோதியுங்கள். மூன்று நான்கு முறைக்குப் பிறகும் விட்டால் அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அடுத்தது சுருக்கச் சோதனை. நீளவாக்கு எது என்று அடையாளமிட்டு 10 அங்குலச் சதுரம் வெட்டி, கழுவிக் காயவைத்து அளந்து பாருங்கள். என் சிவப்புத் துணியின் மிச்சத்தில் நான் இதைச் செய்தபோது நீளத்தில் அரை அங்குலமும் அகலத்தில் கால் அங்குலமும் குறைந்தது. வெட்டுவதற்கு முன் செய்திருந்தால் ஒரு சதுரத் துணியோடு போயிருக்கும்.

கழுவும்போது, ஓரம் பிரியாமலிருக்க வெட்டிய ஓரங்களில் தளர்ந்த ஓட்டுத் தையல் போடுங்கள். போர்வையை எதிர்காலத்தில் எப்படிக் கழுவுவீர்களோ அப்படியே இப்போதும் கழுவுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்துக் காயவையுங்கள். சிறிது ஈரம் இருக்கும்போதே அயன் பண்ணினால் நெளிவு எடுபடும். விறைப்பு வேண்டுமென்றால் மெல்லிய கஞ்சி போடுங்கள், சாச்சி சொன்ன மொறமொறப்பு திரும்பி வந்துவிடும். அடித்துணியையும் மறக்காமல் கழுவுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை செய்முறைக்கு 2 யார் துணி கேட்டால் கால் யார் கூட்டி வாங்கிக் கொடுங்கள். மாரிக்கு முன்னரே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. துணி கழுவிக் காய ஒரு வெயில் நாள் வேண்டும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் ஒன்பது நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டேன்.

ராத்தாவுக்குப் பெண் பிள்ளை கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் போர்வையில்தான் அவள் உறங்குகிறாள். மூலையில் தங்கிய இளஞ்சிவப்பு இன்னும் போகவில்லை. ராத்தா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. உம்மா போர்வையை மடிக்கும்போது அந்த மூலையில் மட்டும் கை ஒரு கணம் நிற்கும்.

சேலையில் இன்னும் ஒரு முழத்துக்கு மேல் மிச்சமிருக்கிறது. அதில் உம்மாவுக்குத் தொழுகை விரிப்பு ஒன்று தைக்கப் போகிறேன். அதற்கு எடுத்த பச்சைத் துணி இப்போது பேசனில் மூன்றாவது தண்ணீரில் கிடக்கிறது. வெள்ளைத் துண்டில் நிறம் ஏறாத வரைக்கும் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

- உயர்தரக் கலைப்பிரிவு மாணவி